நம்புதலில் இருக்கிறேன்

ஸ்டோர்னோவேயில், மீன் ஏலக்கூடத்தின் மேல்மாடியில்
விசாரணை. ஜன்னல்களில் உப்புப் படிந்திருந்தது.
அதிகாரி எடின்பரோக்காரர்.
தொப்பியை மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார்,
யாராவது சில்லறை போடுவார்கள் என்பதுபோல.
நடுவில் நான்.
இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரே கூலி.

இருவர் போன படகில் ஒருவன் திரும்பியிருந்தான்.
டோர்குயில்.
கயிறு கையைவிட்டு நழுவியது என்றான்.
உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் இருந்தது,
அதை யாரும் மறுக்கவில்லை.
பிடித்ததால் வந்ததா, விட்டதால் வந்ததா
என்று தோல் சொல்லாது.

இறந்தவனின் மனைவி கோர்மலிடம் கேட்டார் அதிகாரி:
இவர் சொல்வதை நம்புகிறீர்களா?
ஆமாமா, இல்லையா?

எங்கள் கேலிக் மொழியில் ஆமாம் கிடையாது.
இல்லை என்பதும் கிடையாது.
கேட்ட வினையையே திருப்பித் தரவேண்டும்,
இரவல் வாங்கிய வாளியைக் கழுவித் தருவதுபோல.
நம்புகிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லவும் வழியில்லை.
நம்புதலில் இருக்கிறேன் என்போம்,
மழையில் இருப்பதுபோல.
ஓர் ஆளை நம்பினால்
அவர் அந்த வினைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார்:
உன் நம்புதலில் இருக்கிறேன்.
எழுந்து போகச் சொல்வது கஷ்டம்.

ஞாயிறு தேவாலயத்தில் கடவுளுக்குச் சொல்வது இந்தச் சொல்.
திங்கள் காலை படகுத்துறையில் மேற்கே பார்த்து
மழை வரும்போல என்று தோளைக் குலுக்குகிறோமே,
அந்தப் 'போல'வும் இதே சொல்தான்.
எழுத்தில் வேறுபாடில்லை.
குரல் எங்கே இறங்குகிறது என்பதில் இருக்கிறது எல்லாம்.

கோர்மல் கையுறையைக் கழற்றினாள்,
மறுபடி மாட்டிக்கொண்டாள்.
"ஹா மி க்ரேச்சின்."

அந்தக் குரலில் ஞாயிறு இல்லை.
திங்களும் இல்லை.
செவ்வாய்க்கிழமை அது,
காலண்டரிலும்.

பேனா காத்திருந்தது.
டோர்குயில் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
கீழே யாரோ ஹெரிங் பெட்டிகளை எண்ணினார்கள்,
பதினேழு, பதினெட்டு,
இருபதுக்குள் நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"நம்புகிறாராம்" என்றேன்.

கோர்மல் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள்.
அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை.
அன்று அதைப் பேச மறுத்திருந்தாள், அவ்வளவே.
அரைமணியில் கோப்பு மூடியது.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் டோர்குயில்
டிராக்டரில் கரிமண் கட்டிகள் கொண்டுவருகிறான்.
அவள் வீட்டுச் சுவரோரம் சிரத்தையாய் அடுக்குகிறான்,
மழை வழிந்தோட ஒவ்வொரு கட்டியையும் சற்றே சாய்த்து.
கதவைத் தட்டுவதில்லை.
அவள் வெளியே வருவதில்லை.
வேலிக்கம்பத்தின்மேல் ஒரு கிண்ணத்தில் ஆறு முட்டை இருக்கும்.
முட்டையை எடுத்துக்கொண்டு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவான்.
ஒரு வருடம் ஐந்து முட்டைதான் இருந்தது.
அந்த வருடம் முழுக்க ஊர் அதைப் பேசியது.

சொற்களின் வேரைத் தோண்டுகிறவர்கள் சொல்கிறார்கள்:
இந்த வினையின் அடியாழத்தில் இருப்பது
நெஞ்சு, அதற்குப் பக்கத்தில் வை.
நெஞ்சை ஓரிடத்தில் வைப்பது.
வைத்ததைத் திரும்ப எடுப்பதற்கு
அதே வேரிலிருந்து ஏதாவது முளைத்திருக்கிறதா?
அகராதியில் தேடினேன். மூன்று பதிப்பு.

போன ஜனவரியில், ஆலங்கட்டி மழை.
பஸ் நிறுத்தத்தின் தகரக்கூரைக்குக் கீழே
அவளும் நானும் மட்டும்.
பதினொரு வருடம் கழித்துக் கேட்டேன்:
அன்று எதைச் சொன்னாய்?

கூரைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன்.
பணப்பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.
பஸ்ஸின் விளக்கு திருப்பத்தில் தெரிந்தபோது சொன்னாள்:

"எனக்கே தெரியாமல்தான் சொன்னேன்.
நீதான் முடிவு செய்தாய்.
அதில்தான் இருக்கிறேன், அன்றிலிருந்து."

பிறகு, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு,
"ஒழுகுகிறது, சில இரவுகளில்."

எனக்கும் அதே பஸ்தான்.
நான் ஏறவில்லை.